சாட்டையின் நுனி

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

பொய் சொல்பவனைக் “கயிறு திரிக்கிறான்” என்று சொல்வது நம் வழக்கம். இந்தப் பழிச்சொல் கயிற்றுக்கு எப்படி வந்ததோ! உண்மையாகவே கயிறு திரிப்பவர் கையில் பொய்க்கு இடமே இல்லை. ஒரு புரி தளர்ந்தால் போதும். மறுநாளே கயிறு அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா அப்படிப்பட்ட ஒருவர். அவர் திரிப்பதும் பின்னுவதும் சாட்டை.

சாட்டை என்றதும் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பம்பரம்தான். பம்பரத்தில் சுற்றும் கயிற்றையும் நாம் சாட்டை என்றே அழைக்கிறோம். வண்டிக்காரர் கையில் இருப்பதும் அதே பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. நான் எழுத வந்தது இரண்டாவது சாட்டையைப் பற்றி. எங்கள் கிராமம் கோவில்பட்டிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் இருக்கிறது. தாத்தா நாற்பது ஆண்டுகள் பாரவண்டி ஓட்டியவர். பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி அரவை ஆலைகளுக்கு இரவோடு இரவாகப் போய் வந்தவர். இன்று வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ஆனால் கை சும்மா இருக்க மறுக்கிறது. பந்தய மாடு வைத்திருப்பவர்களுக்கும், இன்னும் ஏர் பூட்டும் ஒன்றிரண்டு சம்சாரிகளுக்கும் நைலான் சாட்டை பின்னிக் கொடுக்கிறார். இரண்டு கோடை விடுமுறைகளில் அவரிடம் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கரிசலும் காளையும்

சித்திரையில் நம் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்தால் அதே மண் பசையாகிவிடும். வண்டிச் சக்கரத்தை அப்பிக்கொண்டு விடவே விடாது. பொதி ஏற்றிய வண்டி அப்படிச் சிக்கினால் இரண்டு மாடுகளும் ஒரே நொடியில் தம் கட்டி இழுக்க வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் நுகத்தடி கோணி, இரண்டுக்கும் கழுத்து நோகும். அந்த ஒரு நொடியை இரண்டு மாட்டுக்கும் சேர்த்துச் சொல்லத்தான் சாட்டை வேண்டும் என்பார் தாத்தா. அடித்தால் அடிபட்ட மாடு மட்டுமே துள்ளும். ஓசை கேட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். சாட்டையின் பயனே ஓசைதான் என்பதை நான் அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

தோலும் நாரும் நைலானும்

தாத்தாவின் இளமையில் இரண்டு வகைச் சாட்டைகள் இருந்தன. ஒன்று தோல் வாரால் பின்னியது. கமலைக்குத் தோல் தைத்தவர்களே இதையும் செய்து, களத்தில் தானியமாகக் கூலி பெற்றார்கள். அவர்கள் செய்த சாட்டையைத் தன் கையில் வைத்துக்கொண்ட ஊர், அவர்களை மட்டும் எட்டத்தில் வைத்தது. சாட்டையைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று நார்ச் சாட்டை. பருத்திக்காட்டு ஓரங்களில் விதைக்கும் புளிச்சையிலிருந்தும், தண்டவாளத்து ஓரம் வளரும் ரயில் கற்றாழையிலிருந்தும் நார் எடுத்துத் திரிப்பார்கள். மழையில் நனைந்தால் இது இற்றுப் போகும். ஒரு பருவத்துக்குமேல் வராது.

பிறகு வந்தது நைலான். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாரின் குழு 1935-இல் உருவாக்கிய இழை இது. முதலில் பல்துலக்கியின் குச்சங்களாகவும், 1940 முதல் பெண்களின் காலுறையாகவும், உலகப் போரில் பாராசூட்டாகவும் பயன்பட்டது. நம் பக்கம் தூத்துக்குடிக் கடற்கரையில் மீன்வலையாக வந்து, அங்கிருந்து கயிறாக உள்நாட்டுக்கும் ஏறிவிட்டது. நனைந்தாலும் மட்காது, எளிதில் அறாது என்பதால் சம்சாரிகள் விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் கடையில் நைலான் என்று கொடுப்பதெல்லாம் நைலான் அன்று! இதைக் கண்டுபிடிக்கத் தாத்தா ஒரு வழி வைத்திருக்கிறார். கயிற்றில் ஒரு விரற்கடை வெட்டித் தண்ணீர்ச் செம்பில் போட்டு அழுத்தி விடுவார். மூழ்கினால் நைலான், மிதந்தால் வேறு. நான் வகுப்பில் அடர்த்தி படித்தபோதுதான் காரணம் விளங்கியது. நைலானின் அடர்த்தி நீரைப்போல் 1.14 மடங்கு. நைலான் என்ற பெயரில் விற்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றின் அடர்த்தி சுமார் 0.9 தான். வெயிலில் கிடந்தால் அது விரைவில் நொறுங்கத் தொடங்கும்.

பின்னும் முறை

கடைக் கயிறு மூன்று புரியாக முறுக்கியிருக்கும். பேச்சில் புரியைப் ‘பிரி’ என்போம். பிரித்தெடுத்த நைலான் புரி சுருள் சுருளாக நிற்கும். அப்படியே பின்னினால் சாட்டை நேராக வராது. ஆகவே இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, வேப்பமரக் கிளையில் கட்டி, நுனியில் ஆட்டுக்கல் குழவியைத் தொங்கவிடுவார். நைலான் சிறிது நீரை உறிஞ்சி இளகும். பாரத்தில் சுருள் நீங்கும். பின்னால் இழுபட வேண்டிய அளவும் அப்போதே இழுபட்டுவிடும். ஒவ்வொரு புரியும் சாட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். பின்னலில் வளைந்து வளைந்து போவதில் மீதி செலவாகிவிடும்.

கம்பு மூங்கில் அல்லது பிரம்பு. நைலான் வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு நிற்காது. எனவே கம்பின் தலையில் துளையிட்டுப் புரிகளை அதில் நுழைத்து, மடக்கி, மேலே நூலால் நெருக்கிச் சுற்றிக் கட்டுவார். மொத்தம் எட்டுப் புரிகள். அவற்றில் நான்கு உள்ளே நேராக நிற்கும், இவை கரு. மற்ற நான்கும் கருவைச் சுற்றிப் பின்னலாக ஓடும்.

“சடை பின்னத் தெரியும்ல தாயி? அதுக்கு மூணு பிரி, இதுக்கு நாலு. அம்புட்டுத்தான்” என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார். வலது ஓரப் புரியைப் பக்கத்திலுள்ள இரண்டு புரிகளுக்குப் பின்னால் கொண்டுபோய், கடைசியாகத் தாண்டிய ஒன்றின் மேலாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அடுத்து இடது ஓரப் புரிக்கும் அப்படியே. இப்படி மாறி மாறிச் செய்தால் உருண்டையான பின்னல் இறங்கிக்கொண்டே வரும். சொல்வது எளிது. நான்கையும் ஒரே இறுக்கத்தில் வைத்திருப்பதுதான் வேலை. ஒரு புரி இறுகி மற்றது தளர்ந்தால் சாட்டை ஒரு பக்கம் முறுகிக்கொள்ளும்.

இனி வருவதுதான் முக்கியமானது. ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் கருவிலிருந்து ஒரு புரியைச் சாய்வாக வெட்டி விடுவார். இதனால் சாட்டை அடியில் பருத்து நுனியில் மெலிந்து வரும். கரு முழுதும் தீர்ந்தபின் வெறும் நான்கு புரி. கடைசி ஒரு சாணுக்கு மூன்று புரிச் சடை. அதன்பின் இரண்டு புரி முறுக்கு. பின்னி முடித்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். மேடுபள்ளம் அடங்கிப் பாம்பின் உடல்போல் வழவழவென்று ஆகிவிடும்.

நுனியில் நைலானை விடுவதில்லை. அங்கே பருத்தி நூலால் ஒரு குஞ்சம் கட்டுவார். நூற்பாலையில் கழித்த நூலே இதற்குப் போதும். நான்கைந்து நாள் ஓட்டினால் குஞ்சம் பிசிறாகித் தேய்ந்துவிடும். வேறு கட்டிக்கொள்ள வேண்டும். “தேய வேண்டியது குஞ்சந்தான், மாட்டுத் தோல் இல்ல” என்பது அவர் கணக்கு.

ஓசை எங்கிருந்து வருகிறது?

சாட்டை வீசும்போது கேட்கும் ‘பட்டீர்’ ஓசை எதன்மீதோ பட்டு எழுவதாகத்தான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மை அதுவன்று. கையை வீசி நிறுத்தும்போது சாட்டையில் ஒரு வளைவு உண்டாகி நுனியை நோக்கி ஓடுகிறது. போகப்போகச் சாட்டை மெலிகிறது. இயக்க வேண்டிய நிறை குறைகிறது. எனவே வேகம் கூடுகிறது. கடைசியில் நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் அல்லவா? அதை மிஞ்சும்போது காற்றில் எழும் அதிர்ச்சி அலையே நாம் கேட்கும் ஓசை. 1958-இல் அமெரிக்க அறிவியலார் இதனை வேகப் புகைப்படங்கள் எடுத்து ஆராய்ந்தனர். 2002-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கோரியலி, டைலர் மக்மில்லன் ஆகிய இருவரும் ஓடும் அந்த வளைவின் கணிதத்தை எழுதிக் காட்டினர். ஆகாய விமானம் ஒலியின் வேகத்தைக் கடந்தது 1947-இல். அதற்குப் பல தலைமுறை முன்பே வண்டிக்காரர்கள் தங்களை அறியாமல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்!

கருவிலிருந்து புரிகளை ஒவ்வொன்றாகத் தாத்தா வெட்டியது ஏன் என்பது இதைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது. மெலிவு சீராக இருந்தால்தான் வளைவு தடையின்றி ஓடும். குஞ்சம் பிசிறாக இருந்தால்தான் காற்றில் நன்றாக வெடிக்கும். அந்த வெடிப்பு மாட்டின் முதுகுக்கு ஒரு முழம் மேலே நிகழ வேண்டும் என்பது அவர் விதி. சக்தியெல்லாம் காற்றிலேயே செலவாகிவிட்டால் மாட்டின் உடலுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஒரு பேரம்

சென்ற பங்குனியில் பந்தய மாடு வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம் பக்கத்துத் திருவிழாக்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துப் பந்தயம் விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வந்தவர் பத்துச் சாட்டை கேட்டார். ஒரு சாட்டைக்குத் தாத்தா வாங்குவது 300 ரூபாய். அவர் 600 தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு மாற்றம்தான் வேண்டுமாம். குஞ்சம் வேண்டாம், நுனி நைலானைத் தீயில் காட்டி உருக்கி, உருண்டையாக விட்டுவிட வேண்டும். உருகி ஆறிய நைலான் கல்லைப்போல் கெட்டியாகும். அது தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தாத்தா முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் என் விடுதிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கடைசி நாள். அம்மா தன் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினாள். “மாட்டுக்குப் பாத்த மனுசன் பேத்திக்குப் பாக்கலையே” என்று சொல்லி, மூன்று நாள் தாத்தாவோடு பேசவில்லை. அம்மா கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுதும் உட்கார்ந்து உழைப்பவள் அவள். 6,000 ரூபாய் எத்தனை நாள் கூலி என்பது அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள் தாத்தாவே பேச்சைத் தொடங்கினார். “நான் மாட்டுக்குப் பாக்கல தாயி. வீசுறது அவன் கைன்னாலும், பின்னுனது எங் கைல்லா? அங்க அவன் அடிச்சா இங்க நான் அடிச்ச மாதிரி இருக்கும்” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. சோறு மட்டும் போட்டாள். வந்தவர் வேறெங்கோ தாம் விரும்பியபடியே செய்து வாங்கிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். தோடு தை மாதத்தில் மீண்டது.

சட்டமும் கையும்

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. 1965-இல் வண்டி மாடுகளுக்கென்றே விதிகள் வந்தன. முள் வைத்த தார்க்குச்சியும், உடலில் காயமோ கடும் வலியோ உண்டாக்கும் கூரிய கருவிகளும் கூடாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன. மாட்டுவண்டிப் பந்தயத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் தடுத்தது. தமிழக அரசு 2017-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அத்திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. பந்தயம் வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வாதத்துக்குள் புக இங்கே இடமில்லை. ஆனால் எந்தச் சட்டமும் ஒவ்வொரு சாட்டையின் நுனியையும் தடவிப் பார்க்க முடியாது. அதைச் செய்ய முடிந்தவர்கள் இருவரே: பின்னுபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர்.

கரிசல் மக்களின் பேச்சை இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் வழக்குச் சொல்லகராதியாகத் தொகுத்துத் தந்தார். சொற்கள் அவ்வாறு பிழைத்துக்கொண்டன. கைகளுக்குத் தெரிந்தவை அப்படிப் பிழைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் பெட்டி முடையவோ, கலப்பை செதுக்கவோ, கடலை மிட்டாய்க்குப் பாகு பதம் பார்க்கவோ தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அருகில் உட்கார்ந்து, எத்தனை முழம், எத்தனை புரி என்று அளவோடு எழுதி வாங்குங்கள். காரணத்தைப் பிறகு வகுப்பறையில் தேடிக்கொள்ளலாம்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் கோவில்பட்டிக் கடைவீதியில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் வாங்கும்போது, பக்கத்தில் வண்ண வண்ணமாக நைலான் சாட்டைகளும் தொங்கும். வாங்குவதானால் அடியைப் பார்க்காதீர்கள்; நுனியை எடுத்து உங்கள் புறங்கையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உறுத்தினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று அவர் கேட்டால் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.