தப்லோ த போர்

பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு டேஷ்போர்டு என்றால் ‘தப்லோ த போர்’. என் பழைய காரில் அதன் விளக்கு போய்விட்டது. இரவில் வேகமும் தெரியாது, பெட்ரோல் அளவும் தெரியாது. மகன், “இனிமே ராத்திரியில ஓட்டாதீங்கப்பா” என்றான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். கோப்புக்குப் பக்க எண் இடுவதுபோல் ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டினேன். திருகுகளைக் கழற்றி, ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்ததும் மீட்டர் முன்னே வந்தது. பல்பு ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். 12 வோல்ட் பல்பு, 20 ரூபாய்தான். ஏர்பேக் உள்ள கார்களில் மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்துவது என்று என் கண் சொல்லட்டும். 20 ரூபாய் பல்பு சொல்ல வேண்டாம்.