கணக்கில வராத துடிப்புகள்

மியூவான் எண்ணுற பெட்டி ஒண்டு செய்தோம். வானத்திலிருந்து வாற இந்தத் துகள்கள், கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள்ளால நிமிசத்துக்குச் சுமார் ஒண்டு போகும். எங்கட சின்ரிலேற்றர் தட்டு ஐந்துக்கு ஐந்து சென்ரிமீற்றர். அப்ப 25 கிட்ட வரவேணும். வந்தது 6.

உடனே காரணமும் கண்டுபிடிச்சிட்டோம்: மேல இருக்கிற கொங்கிறீற் மறிக்குது. வரைபு கீறி, தம்பி தங்கச்சிமாருக்கு வகுப்பும் எடுத்தாச்சு. ஒரு தங்கச்சி மட்டும் கேட்டா, "அண்ணா, மொட்டை மாடியில வச்சுப் பாத்தனீங்களோ?"

பார்க்கேல்லை. பிறகு வச்சுப் பார்த்தோம். அங்கயும் 6.

பிழை எங்கட கொம்பரேற்றரில. வாற துடிப்பு நாங்கள் வச்ச எல்லையைத் தாண்டிச்சோ எண்டு பார்த்து 'ஓம்' சொல்றதுதான் அதின்ர வேலை. நாங்கள் போட்டது மலிவான எல்எம்393. எல்லையை 5 மில்லிவோல்ற்றால தாண்டினா, பதில் சொல்ல அதுக்கு 1.3 மைக்ரோசெக்கன் வேணும். நல்லாத் தாண்டினாலும் 300 நனோசெக்கன் கிட்டப் போகும். எங்கட துடிப்புகள் எல்லைக்கு மேல நிண்டதோ 200 நனோசெக்கன் அளவில.

டேட்டாசீற்றில இதை முதலே வாசிச்சனாங்கள். "பிந்தினா என்ன, எண்ணிக்கை மாறாதுதானே" எண்டு விட்டுட்டோம். அது பிந்தி வாற பஸ் இல்லை. உள்ளுக்க இருக்கிற ட்ரான்சிஸ்ரர்கள் நிலை மாற முதலே துடிப்பு இறங்கினா, வெளியீடு அசையாது. துடிப்பு வரவே இல்லை எண்ட மாதிரித்தான்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. உயரமான துடிப்பு எல்லைக்கு மேல கூட நேரம் நிக்கும், கொம்பரேற்றரையும் கெதியா அசைக்கும். அதால பெரிசுகள் தப்பும், சின்னதுகள் காணாமல் போகும். 6 ஐ நாலால பெருக்கி இதைத் திருத்தேலாது.

4.5 நனோசெக்கனில பதில் சொல்ற டிஎல்வி3501 மாத்தினோம். பிரெட்போர்ட்டில அது தன்பாட்டில அலைஞ்சு நூற்றுக்கணக்கில எண்ணிச்சு. வயர்களைக் கட்டையாக்கி, 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒண்டைப் பக்கத்திலேயே ஒட்டினாப் பிறகுதான் அடங்கிச்சு. இப்ப 25க்குக் கிட்ட நிக்குது. அதிலயும் மண், சுவரில இருந்து வாற காமாக் கதிர் கொஞ்சம் கலந்திருக்கும்.

போன கிழமை அந்தப் பிள்ளைகளிட்டத் திரும்பப் போனோம். பழைய வரைபைக் காட்டி, இது பிழை எண்டு சொன்னோம். கேள்வி கேட்ட தங்கச்சியிட்டயே பெட்டியைக் குடுத்திட்டு வந்தோம்.