தேக்கடி: ஒரு பக்கம் சாயும் ஆசை

உட்கார்ந்த இடத்திலேயே காட்டைக் காட்டும் படகுச் சவாரிக்கு மவுசு குறையவில்லை. ஆனால் கவர்ச்சி எங்கே இருக்கிறதோ, அங்கேயேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, லோயர் கேம்ப்பில் தொடங்கும் மலைப்பாதையில் மூச்சிரைக்க ஏறும் பஸ், குமுளியில் தமிழக எல்லை முடியும் இடத்தில் நின்றுவிடுகிறது. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பெயர்ப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. கடைக்காரர்களின் பேச்சு மட்டும் மாறுவதில்லை. ஏலக்காய், மிளகு, வாழைக்காய் வறுவல் என்று மணக்கும் கடைவீதியைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் தேக்கடி படகுத்துறை.

குமுளிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வருவது இந்தப் படகுக்காகத்தான். காரணம் எளிது. காட்டுக்குள் நடக்க வேண்டாம். அட்டை கடிக்காது. மூட்டு வலிக்காரப் பாட்டியும் கைக்குழந்தையும் ஒரே டிக்கெட் வரிசையில் ஏறிவிடலாம். ஒன்றரை மணி நேரம் படகு போய்த் திரும்பும். கரையில் யானைக் கூட்டம் தெரியலாம். மிளா, காட்டு மாடு, காட்டுப்பன்றி தெரியலாம். நடக்காமலே காடு பார்த்த திருப்தியோடு இறங்கலாம்.

ஏரி என்று எல்லோரும் அழைத்தாலும் இது இயற்கையான ஏரி அல்ல. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, சுரங்கம் குடைந்து, மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். கர்னல் பென்னிகுவிக்கின் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895-ல் திறக்கப்பட்டது. தண்ணீர் உயர்ந்தபோது மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டுப்போய் இன்றும் நீருக்கு மேல் கருத்த முளைகளாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்கின்றன. படகில் போகிறவர்கள் அதிகம் புகைப்படம் எடுப்பது இந்தக் காட்சியைத்தான். தாங்கள் ஒரு பழைய பள்ளத்தாக்கின் மேல் மிதந்துகொண்டிருக்கிறோம், காலுக்குக் கீழே இருப்பது ஆழமான தண்ணீர் என்பது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை.

ஏமாற்றங்களும் உண்டு. கோடையில் நீர் வற்றி, கரையோரம் புல் முளைக்கும்போது விலங்குகள் நீரைத் தேடி வரும். மழைக்காலத்தில் காடெங்கும் தண்ணீர் இருக்கையில் அவை ஏன் படகுப் பாதைக்கு வரவேண்டும்? போதாக்குறைக்கு டீசல் எஞ்சினின் இரைச்சல், பயணிகளின் கூச்சல். பல சவாரிகளில் தூரத்து மேட்டில் தெரியும் நான்கைந்து மிளாக்களோடு திருப்தியடைய வேண்டியதுதான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். காசு கொடுத்து, வரிசையில் நின்று, வெகு நேரம் ஒன்றும் தென்படாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரு யானையைக் கண்டதும் என்ன செய்வார்? எழுந்து நிற்பார். பக்கத்தில் இருப்பவரும் எழுவார். எல்லோரும் ஒரே பக்கம் போவார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று மாலை, பூஜை விடுமுறைக் கூட்டத்தில் ஒரு பகுதியை ஏற்றிச் சென்ற ‘ஜலகன்யகா’ மணக்கவலை என்ற இடத்தில் கவிழ்ந்தது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு அது. தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது என்பது உயிர் தப்பியவர்கள் சொன்னது. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளி மாநிலத்தவர். அவர்களில் தமிழர்களும் பலர். பழியைப் பயணிகளின் ஆர்வத்தின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. யானையைக் கண்டால் மனிதர்கள் எழுவார்கள் என்பது படகு கட்டுபவருக்கும் அதை அனுமதிப்பவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மேல்தளத்தில் எடை கூடக் கூடப் படகின் நிலைத்தன்மை குறையும் என்பதும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நீதி விசாரணை நடந்தது. படகுகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, லைஃப் ஜாக்கெட் கட்டாயமாகியிருந்தது.

தேக்கடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2007 பிப்ரவரியில், இதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் படகு மூழ்கி இறந்திருந்தார்கள். தேக்கடிக்குப் பின்பும் பாடம் முடியவில்லை. 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் ஒரு இரண்டடுக்குச் சுற்றுலாப் படகுதான். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்து, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள்.

பெரிய கப்பலென்றால் இந்தக் கவலை இல்லை என்று எண்ணத் தோன்றும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை வந்தது. பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், ஊர்கள் தாமாக வரும் என்பதுதான் அதன் கவர்ச்சியும். ஆனால் 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவை ஒட்டிச் சென்று பாறையில் மோதிய ‘கோஸ்டா கான்கார்டியா’ ராட்சதக் கப்பல். தீவுக்கு ‘வணக்கம்’ சொல்லக் கரையை நெருங்கியதன் விலை 32 உயிர்கள். கப்பலானாலும் படகானாலும் காட்சிக்கு அருகே போகும் ஆசையே காலை வாரிவிடுகிறது.

அதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று ஒதுங்கிவிடவும் வேண்டியதில்லை. வேறொரு வழியைக் காண வடக்கே பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குப் போகலாம். அதுவும் எல்லைக் காடுதான். கேரள மண்ணில் இருக்கும் அணை. தண்ணீரை ஆள்வது தமிழ்நாடு. சாலை வழியும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள்தான். பாலக்காட்டுக்காரர்களே தங்கள் மாவட்டத்துக் காட்டுக்குப் பக்கத்து மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். இங்கே மூங்கில் தெப்பம். சிலரே ஏற முடியும். எஞ்சின் இல்லை; துடுப்புச் சத்தம் மட்டும். மேல்தளமும் இல்லாததால் எழுந்து ஓட இடமில்லை.

தேக்கடியிலும் இதே முறை உண்டு. நாள் முழுக்க நடையும் தெப்பமுமாகப் போகும் குழுவில் பயணிகள் பத்துப் பேர் அளவுக்குத்தான். கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக் காவலரும். ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப்பட்டையைத் திருட்டாக உரித்து விற்றவர்கள், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையின் திட்டத்தில் சேர்ந்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலாகவும் மாறியது பெரியாறு புலிகள் காப்பகத்தின் நல்ல கதைகளில் ஒன்று.

ஆனால் தெப்பத்தால் குமுளி பிழைக்காது. விடுமுறை நாளில் வந்து குவியும் கூட்டத்தை நம்பித்தான் ஜீப் ஓட்டுபவரும் ஓட்டல் நடத்துபவரும் ஏலக்காய் விற்பவரும் இருக்கிறார்கள். பாட்டியை நாள் முழுக்கக் காட்டில் நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது. பெரிய படகு வேண்டியதுதான். அதில் ஏறும் தலைகளை எண்ணுபவர் கண்டிப்பானவராக இருக்க வேண்டும். யானை தெரிந்தால் பயணிகளை எழவிடாமல் அமர்த்தி, படகையே திருப்பிக் காட்டும் பொறுமை ஓட்டுபவருக்கு வேண்டும். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சிபாரிசு தேடாமல் திரும்பும் மனசு பயணிக்கும் வேண்டும்.

யானைக்கு அவசரமில்லை. புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி, மண்ணை உதறிவிட்டு நிதானமாகத்தான் தின்கிறது. உட்கார்ந்தபடியே பார்த்தாலும் அது தெரியும்.