தண்ணீர் கேட்காத சுத்தம்!

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும், அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கும். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கத்துக்கு அடுத்து மீஞ்சூர். ஒரு காலத்தில் இங்கே கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. சென்னையின் தாகம் தீர்க்க ஆழ்குழாய்களில் ஆண்டுக்கணக்கில் நீர் உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து நிலத்தடி நீர் உப்பானது. கிழக்கே காட்டுப்பள்ளியில், தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுள்ள ஆலை 2010-ல் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில், ஆலைகள் இயந்திரம் கழுவ எவ்வளவு தண்ணீர் செலவிடுகின்றன என்பது விவசாயிக்கும் முக்கியமான கேள்வி. ஜெனரேட்டர், டயர் அச்சு போன்றவற்றைத் தண்ணீரே இல்லாமல் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது. அதற்குத் தேவை ‘டிரை ஐஸ்’.

டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. யூரியாவுக்காக அம்மோனியா தயாரிக்கும்போதும், மொலாசஸைப் புளிக்கவைக்கும்போதும் வெளிவரும் வாயுவைப் பிடித்து, அழுத்தி, உறையவைக்கிறார்கள். இதன் குளிர் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். அரிசி மணி அளவுள்ள துண்டுகளைக் கம்ப்ரசர் காற்றோடு சேர்த்து அழுக்கின் மீது பீய்ச்சுவார்கள். மோதும் வேகத்தில் அழுக்கு விரிசல் விடும். கடும் குளிரில் சுருங்கிப் பிடி தளரும். துண்டு உருகாமல் நேரடியாக வாயுவாகி, சுமார் 800 மடங்கு விரிந்து அழுக்கைப் பெயர்த்துத் தள்ளும். டிரை ஐஸ் மென்மையானது என்பதால் இரும்பில் கீறல் விழுவது அரிது. கழுவிய தண்ணீர் இல்லை, மணல் இல்லை. உதிர்ந்த அழுக்கைக் கூட்டி அள்ளினால் போதும். கம்ப்ரசர், டிரை ஐஸ் இரண்டுக்கும் செலவு அதிகம் என்பதால், இது பம்ப்செட்டுக்கான வேலை அல்ல.

ஆனால், இதில் விவசாயிக்கு ஒரு பாடம் உண்டு. கரியமில வாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் காற்றோட்டம் இல்லாத அறையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்கிறார்கள். பாழுங்கிணற்றிலும் தானியக் குழியிலும் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதே வாயுதான். இறக்கிய விளக்கு அணைந்தால் உள்ளே போகவே கூடாது. எரிந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பதறிப்போய் அடுத்தவர் இறங்கக் கூடாது. உடனே 101-க்கு அழைத்துத் தீயணைப்பு வீரர்களை வரவழைக்க வேண்டும். ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று உயிர்கள் போவது இந்தப் பதற்றத்தால்தான்.