எல்.ஐ.சி. பில்டிங் யார் காசு?

தர்மபுரிப் பக்கத்திலிருந்து முதல் தடவை மெட்ராஸ் போய்விட்டுத் திரும்பியவரிடம் ஊர்ப் பெருசுகள் கேட்கும் கேள்விகள் ரெண்டே ரெண்டுதான். "பீச் பார்த்தியா? எல்.ஐ.சி. பார்த்தியா?" பழைய தமிழ்ப் படங்களிலும் அதே கதை. ஹீரோ கிராமத்திலிருந்து பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷன் ஒரு ஷாட், எல்.ஐ.சி. ஒரு ஷாட். அவ்வளவுதான், டைரக்டர் வேலை முடிந்தது.

அந்தக் கட்டடம் திறக்கப்பட்ட நாள் 23 ஆகஸ்ட் 1959. அப்போது தர்மபுரி என்பது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா (தனி மாவட்டமானது 1965 அக்டோபரில்தான்). ஊருக்கு இருந்த குட்டி ரயில் பாதையையும் 1941-ல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் பிடித்து மொரப்பூர் போய் அங்கே ரயிலேறி மெட்ராஸில் இறங்கிய ஒருவர், 177 அடி உயரத்தில் 14 மாடி ஒரே கட்டடமாக நிற்பதைப் பார்த்தால் கழுத்து வலிக்கத்தான் செய்திருக்கும். சில வருஷம் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கு இருந்தது.

உயரம் இருக்கட்டும். காமர்ஸ் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டி முடிக்க ஆன செலவு சுமார் 87 லட்சம் ரூபாய். 1950-களின் 87 லட்சம்! அது யார் காசு?

அதற்கு எல்.ஐ.சி. என்ற பெயரே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். கட்டடத்தை 1953-ல் ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். (சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் பெயர் இருப்பவர் எம்.ஏ. சிதம்பரம். அவர் வேறு, இவர் வேறு. நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியவர் இவர். யுனைட்டெட் இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இவர் கையில் இருந்தது. அந்தக் கம்பெனிக்காகத்தான் இந்தக் கட்டடம்.

அன்றைய மெட்ராஸில் பெரிய வியாபாரம் என்றால் பாரிஸ் கார்னரும் பீச் ரோடும். பாங்குகள், ஏற்றுமதிக் கம்பெனிகள் எல்லாம் துறைமுகத்தை ஒட்டியே இருந்தன. மவுண்ட் ரோடு வேறு மாதிரி. ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ், பி.ஆர். அண்ட் சன்ஸ் என்று துரைமார்கள் ஷாப்பிங் போன ரோடு. அங்கே ஒரு ஆபீஸ் கோபுரம் எழுப்புவது சின்ன விஷயமில்லை.

ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏன் கட்டடம் கட்ட வேண்டும்? கணக்கு சிம்பிள். பாலிசி எடுப்பவர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக பிரீமியம் கட்டுகிறார். இருபது வருஷம் கழித்தோ, அவர் இறந்தாலோ, மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் அது கடன் பக்கம். அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கத்தில் நீண்ட நாள் நிற்கிற சொத்து வேண்டும், இடையில் வருமானமும் தர வேண்டும். பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில் போட வேண்டும் என்று 1938 சட்டம் சொன்னது. மிச்சத்தில் ஒரு பங்கை நல்ல ரோட்டில் கட்டடமாகப் போட்டால் வாடகை வரும், மதிப்பும் ஏறும். இலவச விளம்பரம் வேறு! இவ்வளவு பெரிய பில்டிங் வைத்திருக்கிற கம்பெனி ஓடிப்போகாது என்று ஏஜெண்ட் அடித்துச் சொல்லலாம் அல்லவா?

ஆக அது செட்டியார் காசு இல்லை. பிரீமியம் கட்டியவர்கள் காசு.

செட்டியார் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. 1954 மார்ச் 13-ம் தேதி சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது நொறுங்கிய பி.ஓ.ஏ.சி. விமானத்தில் அவரும் இருந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கட்டடம் அரைகுறையாக நிற்க, 1956 ஜனவரியில் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டது. சின்னதும் பெரிதுமாக 245 கம்பெனிகள், சங்கங்கள். 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. மவுண்ட் ரோட்டில் பாதி எழும்பியிருந்த எலும்புக்கூடும் அதன் கணக்கில் வந்து சேர்ந்தது. வரைபடம் போட்ட லண்டன் ஆர்க்கிடெக்டுகள் 1957-ல் விலகிப் போக, எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார்.

அரசு எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணம், தனியார் முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தை இஷ்டத்துக்குக் கையாள்கிறார்கள் என்பது. அதில் உண்மை இருந்தது. நிறைய கம்பெனிகள் கவிழ்ந்தும் இருந்தன. ஆனால் நடந்ததைப் பாருங்கள். எல்.ஐ.சி.க்கு ஒரு வயதுகூட ஆகாத 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார்கள், அதுவும் தன் சொந்த முதலீட்டுக் குழுவைக் கேட்காமல்! பார்லிமெண்டில் இதைக் கிழித்தவர் பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சி எம்.பி. நீதிபதி சாக்ளா பம்பாயில் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை நடத்தினார். நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம மெட்ராஸ்காரர், 1958 பிப்ரவரியில் பதவியை விட்டார்.

அதன் பிறகு நிதி மந்திரியான மொரார்ஜி தேசாய்தான் 1959-ல் மெட்ராஸ் வந்து இந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

ரெண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தனியார் முதலாளி ஆரம்பித்த கட்டடம் 87 லட்சம். அரசு நிறுவனம் பேப்பரில் போட்டது 124 லட்சம். ரெண்டும் அதே ஏஜெண்ட் வீடு வீடாக ஏறி வாங்கி வந்த காசு. ஒன்று வெயிலிலும் மழையிலும் இன்னும் நிற்கிறது. அதற்காக தேசியமயமே தப்பு என்று சொல்லிவிட முடியாது, எல்.ஐ.சி. பாலிசியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் "தனியார் என்றால் திருடன், அரசு என்றால் பத்திரம்" என்று பரீட்சையில் எழுதுகிறவர்கள் இந்த ரெண்டு நம்பரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம்.

செட்டியாரின் பாங்கும் 1969-ல் தேசியமயமானது. அதன் தலைமை அலுவலகமும் அதே ரோட்டில்தான்.

அந்த ரோட்டுக்கு இப்போது பெயர் அண்ணா சாலை. 1975-ல் எல்.ஐ.சி. பில்டிங்கில் பெரிய தீ பிடித்தது, தாங்கி நின்றது. 1983-ல் பழைய ஸ்பென்சர் எரிந்தே போனது, அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் தெற்கே நகர ஆரம்பித்தன. உயரத்தில் எல்.ஐ.சி.யைத் தாண்டிய கட்டடங்களை இப்போது எண்ணி முடியாது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்குக் கீழே மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தபோது அங்கே வந்த ஸ்டேஷனுக்கு எல்.ஐ.சி. என்றே பெயர் வைத்தார்கள். மொரப்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கும் தர்மபுரிக்காரர் வெளியே வராமலே மெட்ரோவில் மாறி அங்கே போய்விடலாம். மேலே வந்தால் அதே 14 மாடி.