ஊருக்கு யாரை அமர்த்துவது?

சென்ற மே மாத விடுமுறையில் என் தமக்கையின் மகன் பத்து நாள் என்னோடு வந்து தங்கியிருந்தான். பொறியியல் கல்லூரி மாணவன். பகலெல்லாம் சிலமலைத் தோப்புகளில் சுற்றிவிட்டு, மாலையில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியதும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் செபமாலை முடிந்து நான் உள்ளே வந்தபோது அவன் கன்னத்தில் கை வைத்து ஆழ்ந்த யோசனையில் இருந்தான்.

“என்னப்பா, தேர்வு முடிவு வந்துவிட்டதா?” என்றேன்.

“இல்லை மாமா. ஒரு நகரத்தைப் பிடித்துவிட்டேன். அதை ஆள யாரை வைப்பது என்றுதான் தெரியவில்லை.”

சிரித்துக்கொண்டே அருகில் அமர்ந்தேன். ‘மவுண்ட் அண்ட் பிளேடு: பேனர்லார்ட்’ என்பது அந்த விளையாட்டின் பெயர், துருக்கி நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கியது, 2022-இல் முழுமையாக வெளிவந்தது என்று விளக்கினான். மத்திய கால அரசர்களையும் கோட்டைகளையும் கற்பனையாகப் படைத்திருக்கிறார்கள். அதில் வரும் ஒவ்வொரு மனிதனுக்கும் வாள்வீச்சு, வில், குதிரையேற்றம், வணிகம், மருத்துவம், பொறியியல், தலைமை என்று பதினெட்டுத் திறன்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒருவனே வளர்த்துக்கொள்ள இயலாது. கையிலிருக்கும் புள்ளிகளை எண்ணி எண்ணித்தான் செலவிட வேண்டும். ஒரு திறன் குறிப்பிட்ட படியை எட்டும்போது இரண்டு சிறப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சிறப்புகள் படைக்கு உதவும். சில ஊரை ஆளும்போது உதவும்.

“இதில் என்ன குழப்பம்? உன் ஆட்களில் மிகப் பெரிய வீரன் எவனோ அவனை வைத்துவிடு” என்றேன்.

“அப்படித்தான் மாமா முதலில் வைத்தேன். நகரம் கலகம் செய்து கையைவிட்டே போய்விட்டது. ஆளுநருக்கு வாள் உதவாது. ‘ஸ்டீவர்டு’ என்று ஒரு திறன் இருக்கிறது. உக்கிராணத்தைக் கவனிக்கிறவனுடைய திறன். அது வேண்டும். அவன் அந்த ஊர்க்காரர்களுடைய இனத்தவனாக இருந்தால் மக்களின் விசுவாசம் கூடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆளுநராக வைத்தவன் என்னோடு போருக்கு வர முடியாது. அந்த ஊரிலேயே தங்கியாக வேண்டும்.”

அன்புள்ள வாசகர்களே, பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிக் குறைகூறவே பெரும்பாலும் வாய் திறக்கிறோம். அன்றிரவு அந்தக் கடைசி வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. எங்கள் பங்கின் நிதிக்குழுவுக்கு ஆட்களை நியமிக்க வேண்டிய வாரம் அது. நான் எழுதி வைத்திருந்த பட்டியலின் தலைப்பில், நகரத்தில் வாழும் செல்வாக்கு மிகுந்த ஒருவருடைய பெயர் இருந்தது. இதே தவற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பங்கில் நான் செய்திருக்கிறேன்.

அங்கே சமூகக்கூடம் கட்டினோம். பொறுப்பை ஒரு நல்ல பேச்சாளரிடம் ஒப்படைத்தேன். அவர் மேடை ஏறினால் கூட்டம் அசையாது. ஆனால் தொழில் நிமித்தம் வெளியூரில் குடியிருந்தவர். மாதம் ஒருமுறை வருவார், மாலை ஏற்பார், போய்விடுவார். வரவு செலவு எவருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை; கேட்டால் அவர் வருந்துவாரோ என்ற தயக்கம் எனக்கு. ஒரு நாள் கோழி விற்ற காசைக் கட்டடத்துக்குக் கொடுத்திருந்த மூதாட்டி ஒருவர், “எங்க காசு எம்புட்டு வந்துச்சு, என்ன ஆச்சு சாமி?” என்று கேட்டார். “நம்பிக்கை இல்லையா அம்மா?” என்று கடிந்து சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அதன்பின் ஊரில் வதந்தி எழுந்தது. கோவில் இரண்டு கட்சியாயிற்று. ஆண்டு இறுதியில் கணக்கைப் பார்த்தோம். ஒரு ரூபாய்கூடக் களவு போகவில்லை! ஆனால் போன நம்பிக்கை போனதுதான். அந்தப் பாட்டி பிறகு எதற்கும் காசு தரவில்லை. அது அவர் குற்றமன்று, என் குற்றம்.

இந்தப் பாடம் நம் நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று குழுக்கள். பதவிக் காலம் முந்நூற்று அறுபது நாள்.

அங்கே கேட்கப்பட்ட தகுதிகளைப் பாருங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். கல்வி வேண்டும், காரியத்தில் நிபுணத்துவம் வேண்டும், நேர்வழியில் ஈட்டிய பொருள் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. ஏரியைக் காக்கப் போகிறவனிடம் ‘உனக்கு வாள் வீசத் தெரியுமா?’ என்று அந்தச் சபை கேட்கவில்லை. ‘இங்கே குடியிருக்கிறாயா? கணக்குக் கொடுத்தாயா?’ என்று கேட்டது.

அந்தச் சபை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது அந்தணர்களின் சபை. நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கதவு திறக்க ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியது. பெண்களின் பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

நம் பக்கத்துக் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்ததாக வரலாறு கூறுகிறது. போடிநாயக்கனூரும் பாளையமாக இருந்த ஊர்தான். வரி தண்டுவதும், காவல் காப்பதும், அரசன் அழைத்தால் படையோடு போவதும் பாளையக்காரர் கடமை. அங்கே முதல் தகுதி வீரம், அதன்பின் பிறப்பு. கிராமக் கணக்கும் அப்படியே தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தமிழக அரசு 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்து, பின்னர் தேர்வு எழுதி வருகிறவர்களைக் கிராம நிர்வாக அலுவலர்களாக அமர்த்தியது. நான் அப்போது சிறுவன். ‘இனி கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை இல்லையாம்’ என்று திண்ணையில் பெரியவர்கள் வியந்து பேசியது நினைவிருக்கிறது.

திருச்சபையும் இதைத் துன்பப்பட்டே கற்றது. ஆயர்களும் பங்குத்தந்தையரும் தங்கள் மந்தையின் நடுவே வசிக்க வேண்டும் என்பதைத் திரெந்து பொதுச்சங்கம் (1545–1563) வற்புறுத்த வேண்டியிருந்தது; வருமானத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வேறிடத்தில் வாழ்ந்தவர் அந்நாளில் பலர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் பங்குத்தந்தை பங்கில் தங்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அதற்கெல்லாம் முன்னே எருசலேமில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தபோது, நற்சான்று பெற்ற எழுவரைத் திருக்கூட்டம் தேர்ந்தது. ஸ்தேவான், பிலிப்பு முதலிய அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறையுற்றவரின் மொழி அறிந்தவரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. என் மருமகன் சொன்ன இன விதி எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் விடியுமுன் சாலையில் நின்றேன். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஏலக்காய் பறிப்பது எளிய வேலையன்று. செடியின் அடியில் குனிந்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பிஞ்சை விட்டுவைத்து மீண்டும் அடுத்த சுற்றுக்கு வர வேண்டும். அந்த ஜீப்புகளில் ஒன்றில் எங்கள் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஆட்களின் வருகையையும் கூலியையும் சீட்டுப் பணத்தையும் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் எழுதி வருகிறார். அவர் கணக்கில் சண்டை வந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. என் பட்டியலில் அவர் பெயர் இல்லை!

அன்று மாலையே அவரிடம் போய்க் கேட்டேன். “நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன் சாமி. பெரிய மனுசங்க நடுவுல எனக்குப் பேச வராது” என்றார். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்றேன். நெடுநேரம் யோசித்தவர், “அப்படின்னா மாசாமாசம் கோவில்ல எல்லாருக்கும் வாசிச்சிடணும். அதுக்குச் சம்மதம்னா வர்றேன்” என்றார். பட்டியலின் தலைப்பில் இருந்த பெயரை அடித்தேன். அந்தப் பெரியவருக்கு மனவருத்தம்தான். இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தச் சுமையை நான் சுமக்கத்தான் வேண்டும்.

முதல் மாதக் கணக்கைத் திருப்பலி முடிவில் அவரே வாசித்தார். மெழுகுவர்த்தி, மின்கட்டணம் என்று வரிசையாக வந்து, ‘பங்குச் சாமியார் வண்டிக்குப் பெட்ரோல்’ என்ற இடத்தில் தொகையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, சற்றே நிறுத்தி, அடுத்த வரிக்குப் போனார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாரத்தில் எத்தனை நாள் நான் வேறு ஊர்களில் இருந்திருக்கிறேன் என்பதை அந்தத் தொகையே சொல்லிவிட்டது.

அடுத்த மாதம் அந்தத் தொகை பாதியாயிற்று. ஆளுநர் ஊரில் தங்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.