வாஷிங்டனில் ஒரு கல்லறைத் தோட்டம்

வாஷிங்டன் நகரத்தைக் காணச் செல்வோர் கண்டிராமல் திரும்பும் இடங்களில் ஒன்று, அந்நகரின் தென்கிழக்கு மூலையில், அனகாஸ்டியா நதிக்கு அருகே இருக்கிறது. ஸ்தூபிகளும் மாளிகைகளும் நிறைந்த அத்தலைநகரத்தில், அமெரிக்கக் குடியரசின் இளம் பருவத்தை அறிய விரும்புகிறவன் முதலில் செல்ல வேண்டிய இடம் இந்த இடுகாடுதான் என்று சொல்லலாம். 'காங்கிரஷனல் ஸெமிடரி' என்பது இதன் பெயர். காங்கிரஸ் என்று அவர்கள் சொல்வது தங்கள் பார்லிமெண்டை.

1807-ஆம் ஆண்டில் இது ஏற்பட்டது. அப்பொழுது வாஷிங்டன் தலைநகரமாகி ஏழு வருஷமே ஆகியிருந்தது. தூர ராஜ்யங்களிலிருந்து வந்த அங்கத்தினர் ஒருவர் சபை நடக்கும் காலத்தில் இறந்தால், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்வது எளிதாயில்லை. ஆகவே பலர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் இங்கு முதன்முதல் புதைக்கப்பட்டவர் சட்டசபை அங்கத்தினரல்லர். காங்கிரஸ் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர் ஒருவர்!

தோட்டத்தினுள் நுழைந்ததும் கண்ணைக் கவர்வன, வரிசை வரிசையாக நிற்கும் ஒரே மாதிரியான கற்சின்னங்கள். சதுரப் பீடம், அதன்மேல் கனத்த சதுரக் கல், உச்சியில் கூம்பு போன்ற ஒரு மூடி. இவற்றை வகுத்தவர் காங்கிரஸ் கட்டடத்தின் சிற்பியான பெஞ்சமின் லட்ரோப். 160-க்கு மேற்பட்ட இச்சின்னங்களில் பலவற்றின் கீழே ஒருவருமில்லை. பதவியிலிருக்கும்போது இறந்தவர் வேறெங்கே புதைக்கப்பட்டாலும், இங்கே அவர் பெயருக்கு ஒரு கல் நாட்டும் வழக்கம் இருந்தது. மாஜி ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ், ஹென்றி கிளே, ஜான் கால்ஹூன் ஆகிய மூவருக்கும் இங்கே வெறுங்கல் உண்டு. இக்கல்லின் கீழ்க் கிடக்க நேருமே என்ற நினைப்பு மரணத்துக்குப் புதியதொரு பயங்கரத்தைத் தருகிறது என்று ஜார்ஜ் ஹோர் என்ற அங்கத்தினர் 1876-இல் சபையில் பரிகாசம் செய்தார். அத்துடன் அவ்வழக்கம் ஓய்ந்தது.

இங்கே அடக்கமான முதல் காங்கிரஸ் அங்கத்தினர் உரையா ட்ரேஸி என்பவர். கனெக்டிகட் ராஜ்யத்தில் 1755-இல் பிறந்தவர். 1775-இல் லெக்ஸிங்டனில் பிரிட்டிஷாருடன் போர் மூண்ட செய்தி பரவியதும் புரட்சிப் படையில் சேர்ந்து சேவை செய்தார். பிறகு யேல் கலாசாலையில் பட்டம் பெற்று, லிட்ச்பீல்டு என்னும் ஊரில் வக்கீலாக அமர்ந்தார். உள்நாட்டுப் படையில் மேஜர் ஜெனரல் பதவியும் அவரை அடைந்தது. 1793 முதல் பிரதிநிதி சபையிலும், 1796 முதல் ஸெனட் சபையிலும் இருந்து, 1807 ஜூலை 19-ஆம் தேதி காலமானார்.

இவ்வளவுதான் என்றால் அவர் கல்லின் முன் நாம் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. 1803-இல் ஜனாதிபதி ஜெபர்ஸன் பிரான்ஸிடமிருந்து லூயிஸியானா என்ற மாபெரும் பிரதேசத்தை விலைக்கு வாங்கினார். நாடு மேற்கே பரவினால் தங்கள் சிறு ராஜ்யங்கள் செல்வாக்கிழந்து போகும் என்று வடகிழக்கிலுள்ள தலைவர்கள் சிலர் அஞ்சினார்கள். ஐக்கியத்தை விட்டே பிரிந்து விடலாமா என்று 1804-இல் அந்தரங்கமாக ஆலோசித்தவர்களில் ட்ரேஸியும் ஒருவர். ஐக்கியத்தைப் பெறப் போரிட்ட கையே அதை அறுக்கவும் நினைத்தது! அம்முயற்சி முளையிலேயே கருகிவிட்டது. மூன்று வருஷத்துக்குப் பின் அவர் இறந்தபோதும் ஜெபர்ஸனே ஜனாதிபதி. எனினும், பிரிவினை நினைத்தவர் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. மற்றவர்களுக்குரிய அதே கல்லே அவருக்கும் கிடைத்தது. ஒரு பிரஜையின் சேவையையும் அவன் கருத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் இப்பெருந்தன்மை, சுதந்திரம் பெற்ற எந்த ஜன சமூகமும் கற்கத்தக்கது.

ஆனால் அப்பெருந்தன்மை எல்லோருக்கும் எட்டியதா? விடை அதே தோட்டத்திலேயே இருக்கிறது. சாக்டா என்னும் ஆதிக்குடிகளின் தலைவன் புஷ்மடாஹா இங்கே துயில்கிறான். 1812-இல் தொடங்கிய யுத்தத்தின்போது அமெரிக்கர் பக்கம் நின்று போர் புரிந்த வீரன் அவன். தன் மக்களுடைய நிலத்தைப் பற்றிப் பேசுவதற்காக 1824-இல் தலைநகருக்கு வந்தவன், டிஸம்பர் 24-ஆம் தேதி இங்கேயே இறந்தான். தனக்காகப் பீரங்கிகள் முழங்க வேண்டும் என்பது அவன் கடைசி விருப்பம். அது ராணுவ மரியாதையுடன் நிறைவேறிற்று. உடன் வந்த தலைவர்கள் அவனுக்கு ஒரு கல்லும் நாட்டினார்கள். எந்த நிலத்துக்காக வந்தானோ அது மட்டும் நிலைக்கவில்லை. ஆறு வருஷத்துக்குள், 1830-ஆம் வருஷத்து உடன்படிக்கையால், மிஸிஸிப்பியிலிருந்த சாக்டா மக்களின் பூமி கைமாறிற்று. அவர்களில் பெரும்பாலோர் மேற்கே பெயர்ந்து செல்ல நேர்ந்தது.

இந்த இருவர் கல்லையும் சேர்த்துப் பார்ப்பவனுக்கே இந்தத் தோட்டம் தன் சரித்திரத்தை முழுவதும் சொல்கிறது. தன்னைப் பிரிய நினைத்த மகனைக் குடியரசு மன்னித்தது. தனக்காகப் போர் புரிந்த நண்பனுக்கோ பீரங்கி முழக்கத்தைத் தந்து, வீட்டை எடுத்துக் கொண்டது. இறந்தவர்க்குக் கல் நாட்டுவது எளிது. இருப்பவர்க்கு நியாயம் செய்வதே அரிது.